தாழ்ப்பாள் பாட்டுக்கு ஐந்து சொந்தக்காரர்கள்

எனக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. அதற்காகக் கடல் தாண்டிப் போனேன். போன இடத்தில் நாலு கையெழுத்து கிடைத்தது, நாலும் பொய். கேசட் இப்போது வெளியாகிவிட்டது. அதில் ஒரு பாட்டு ஐந்தரை நிமிடம் ஓடுகிறது என்பதற்காகக் கம்பெனி முதலாளி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவ்வளவு எரிச்சல் போதாதென்று மலேசியா எப்படி இருந்தது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எழுதிவிடுகிறேன்.

நான் திருச்சியில் பகலில் டிராயிங் மாஸ்டர். சாயங்காலமானால் மெல்லிசைக் குழுப் பாடகன். சினிமாப் பாட்டுப் பாட ஊரில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். என்னிடம் மட்டும்தான் ‘தாழ்ப்பாள் பாட்டு’ இருந்தது. மலேயாவிலிருந்த வீராசாமி சித்தப்பா ஒருமுறை ஊருக்கு வந்தபோது, அவருடைய தோட்டத்துப் பையன்கள் பேண்ட் வைத்துப் பாடிய கேசட் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது இது.

‘தாழ்ப்பாள் போடாதே, தலைவாசல் மூடாதே,
போனவள் வருவாள், பொழுது சாயட்டும்.’

காதலி போய்விட்டாள், காதலன் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறான். ஆடி அசைந்து மெதுவாகப் போகும் மெட்டு. இரண்டு சரணம். இரண்டாவது சரணத்தில் முன்வரிசைப் பெண்கள் பக்கம் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பேன். பத்து வருடமாக இதற்கு ஒன்ஸ்மோர் கேட்கிறார்கள். எழுதியது யார் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. அறிவிப்பாளர்கள் அவர்களாகவே என் பெயரைச் சொல்லிவிடுவார்கள். கூட்டத்தின் நடுவே நின்று அதை மறுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

சென்னையில் ஒரு கேசட் கம்பெனி என் பாட்டுகளைப் பதிவு செய்ய முன்வந்தது. நாற்பத்தொரு வயதில் வந்த முதல் வாய்ப்பு. அதை விட்டால் அடுத்தது வராது என்று எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். பதிவுக்கு முந்தைய வாரம் முதலாளியின் சம்பந்தி மலேசியாவின் கிள்ளான் நகரத்திலிருந்து வந்து இறங்கினார். பாட்டைக் கேட்டதும், “இது எங்க ஊர்ப் பாட்டாச்சே” என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “எழுதினவர் கையெழுத்து வராம மெஷின் ஓடாது” என்று சம்மதப் பத்திரம் ஐந்து பிரதி டைப் அடித்துக் கொடுத்தார். கோடு கோடாகப் புள்ளி வைத்து, கீழே ‘இப்பாடலை இயற்றியவர்’ என்று இருந்தது.

சித்தப்பா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பார்வதியைப் பற்றி அவர் கடிதங்களில் ஒரு காலத்தில் நிறைய வரும், பிறகு என்ன காரணமோ நின்றுபோனது. சின்னவள் அஞ்சலை கோலா சிலாங்கூரில் இருக்கிறாள் என்று முகவரி மட்டும் இருந்தது. அரையாண்டு விடுமுறையில் கிளம்பினேன்.

முதல் நாள். கிள்ளான் பஸ் நிலையத்தில் அஞ்சலையின் புருஷன் கோவிந்தன் வந்து நிற்பதாக ஏற்பாடு. நிற்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. மழை பிடித்தது. அங்கே மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை, வந்தால் போவதும் இல்லை. எதிரே ஒரு இசைத்தட்டுக் கடை இருந்தது, ஓடிப்போய் ஒதுங்கினேன். கடைக்காரர் சீனர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்ன வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டார். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் தாழ்ப்பாள் பாட்டின் மெட்டை முனகிக் காட்டினேன். நான் முனகி முடிப்பதற்குள் மனிதர் அலமாரிக்குப் போய்விட்டார்.

அவர் சுழலவிட்ட தட்டில் ஒரு பெண் பாடினாள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியாம். மாதாகோயிலில் பாடிப் பழகிய தொண்டை. பின்னால் எக்காளமும் கைதட்டலும் குதிரை ஓடுவதுபோல் ஓடின. கதவைப் பூட்டாதே, நான் திரும்பி வந்துகொண்டிருக்கிறேன் என்று அவள் தன் புருஷனை அதட்டுகிறாளா கெஞ்சுகிறாளா தெரியவில்லை. மெட்டு நம் மெட்டுத்தான். ஆனால் நான் பத்து வருடமாக மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்த பாதையில் யாரோ மோட்டார் ஓட்டிக்கொண்டு போனதுபோல் இருந்தது.

“இது வந்த பிறகு எல்லாரும் பாடிவிட்டார்கள்” என்றார் கடைக்காரர். இங்கிலாந்துப் பையன்கள் நாலு பேர் கிட்டார் வைத்துப் பாடினார்களாம். இறுக்கமான கால்சட்டை போட்ட மலாய்க் குழு ஒன்று மலாயில் பாடியதாம். ஹாங்காங் பெண்மணி ஒருத்தி சீனத்தில் பாடினாளாம். ஒவ்வொன்றையும் எடுத்து இரண்டு வரி போட்டுக் காட்டினார். சொல் மாறியது, வாத்தியம் மாறியது, வேகத்தை மட்டும் ஒருவர்கூடக் குறைக்கவில்லை. தமிழ்ப் பாட்டு மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக, அதுவும் ஒரு ஆணின் குரலுக்கென்று எழுதப்பட்டது? எழுதியவரைத் தவிர வேறு யாருக்கும் இதற்குப் பதில் தெரியாது என்று தோன்றியது. ஆளைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பயணத்தில் கடைசியாக நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

கோவிந்தன் இரண்டரை மணி நேரம் தாமதமாக, செம்பனைக் குலை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை, ஏற்றும் லோரியில் வந்தார். “சாரி லா மச்சான், டயர் போயிடுச்சு” என்றார். எண்ணெய்ப் பிசுக்கு மணக்கும் அந்த லோரியில் என் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் ரேடியோவில் அந்த மலாய்ப் பாட்டே வந்தது. கோவிந்தன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். மனிதர் நல்ல பாட்டுக்காரர் என்று அதிலேயே தெரிந்தது.

அஞ்சலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் வேலை. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துணி, கையில் ‘தோம்பு’ என்று அவர்கள் சொல்லும் காலி மருந்துப் பீப்பாய். “பசியாறிட்டீங்களா அண்ணே?” என்றாள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என்ன பதில் சொல்வது? பிறகுதான் தெரிந்தது, அங்கே காலையிலும் பசியாறுகிறார்கள், மாலையிலும் பசியாறுகிறார்கள். குளித்துவிட்டு வந்து நெத்திலிச் சம்பலும் கங்கோங் கீரையும் வைத்தாள். நெத்திலி மொறுமொறு என்று இருந்தது. காரம் மட்டும் காதுவரை போனது.

வந்த காரியத்தைச் சொன்னேன். கோவிந்தன் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, “அந்த பேண்டுல பாடுனதே நாந்தான் மச்சான்” என்றார். பாட்டு வந்த விதத்தையும் அவரே சொன்னார். தோட்டத்து அம்மன் திருவிழாவில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைப்பார்களாம். இன்ன பாட்டுப் பாடு என்று சனங்கள் துண்டுச் சீட்டு எழுதிப் போடுவார்கள். ஒரு வருடம் அந்தப் பெட்டியில் சீட்டுக்குப் பதில் ஒரு முழுப் பாட்டே கிடந்திருக்கிறது. பெயர் இல்லை. “இந்த இங்கிலீஷ் மெட்டு, மெதுவாகப் பாடவும்” என்று மேலே ஒரு குறிப்பு மட்டும் இருந்ததாம். “ரொம்பப் பெருசு லா. வெட்டிச் சின்னதாக்கிப் பாடுனோம். ஒரே கைதட்டு. மறுநாளு ‘நான்தான் எழுதிப் போட்டேன்’னு ஏழு பேரு வந்தானுங்க.”

“அப்போ எழுதினது யார், மாப்பிள்ளை?”

“யாருக்குத் தெரியும்? பாடுனவன் நானு. பேப்பர இப்படிக் குடுங்க, நானே கையெழுத்துப் போட்டுடுறேன்.” சொன்ன கையோடு சம்பல் விரலைத் துடைத்துவிட்டுப் போட்டும்விட்டார். ஏன் மெதுவாக என்று கேட்டேன். “அது அப்படித்தான் லா வந்துச்சு” என்றார்.

அஞ்சலை சோற்றுப் பானையோடு நின்றுகொண்டிருந்தாள். “அங்க முழுசா பாடுறீங்களாண்ணே?” என்று கேட்டாள்.

“முழுசாகத்தான். ரெண்டு சரணமும்.”

“ரெண்டா” என்றாள். பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் மோர் இருக்கிறதா என்று கேட்க இருந்தேன், கேட்க முடியவில்லை.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோவிந்தனின் பழைய காரில் கிளம்பினோம். அதன் இடதுபக்கக் கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்ததால் நான் ஜன்னல் வழியாக ஏறினேன். ஆற்றைத் தாண்டினால் பாசிர் பெனம்பாங், மீன்பிடிக்கிற சீனர்களின் கிராமம். பலகை வீடுகள், வலைகள், இறால் காயும் வாடை. சாலையில் ஒரு சாவு ஊர்வலம் எதிரே வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பேண்டுக்காரர்கள் முன்னால் நடந்தார்கள். அவர்கள் வாசித்தது தாழ்ப்பாள் பாட்டு. சத்தியமாக அதுவேதான். நம்மூரில் கல்யாண வரவேற்பில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டுகிற பாட்டுக்கு அங்கே பிணம் போய்க்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்ததும் எக்காளக்காரரைப் பிடித்தோம். நண்டுக் கடையில் உட்கார்ந்தார். அவர் மலாயில் சொன்னதைக் கோவிந்தன் எனக்குத் தமிழில் சொன்னார். “இது எங்க மாமா போட்ட மெட்டு. அம்பது வருசமா சாவுக்கு வாசிக்கிறோம்.” அமெரிக்கப் பெண்மணி அந்தத் தட்டைப் பாடி இருபத்தைந்து வருடம்கூட ஆகியிருக்காது என்றேன். அதையும் கோவிந்தன் மொழிபெயர்த்தார். எக்காளக்காரர் நண்டுக் காலை உறிஞ்சியபடி யோசித்தார். “அப்ப அந்தம்மா எங்க மாமாகிட்டக் கேட்டுருக்கும்” என்றார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டியும் கேட்காமல், சட்டைப் பையிலிருந்து தன் பெயர் பொறித்த சீன முத்திரையை எடுத்து என் இரண்டாவது பத்திரத்தில் சிவப்பாக ஒரு குத்துக் குத்திவிட்டார். நண்டு அருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருச்சியில் அவ்வளவு பெரிய நண்டைப் பார்த்தால் நாம் ஓடிவிடுவோம்.

மூன்றாம் நாள் கோவிந்தனுக்கு வேலை. பேண்டில் கிட்டார் வாசித்த சின்னத்தம்பி என்பவர் சுங்கை ஆயர் தாவாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், அவர்தான் தலைவர், அவருக்குத் தெரியும் என்று அனுப்பிவைத்தார். வடக்கே போகும் பஸ். இருபுறமும் தென்னை, செம்பனை, நெல், மறுபடி செம்பனை. பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் பார்த்தார், ஒரு சிகரெட் பிடித்தார், மறுபடி பார்த்தார். யாரும் சத்தம் போடவில்லை. நம்மூராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் டிரைவருக்கு யோசனை சொல்லியிருப்பார்கள், இரண்டு பேர் சண்டைக்குப் போயிருப்பார்கள். அந்த அமைதி என்னை இன்னும் கோபப்படுத்தியது. பக்கத்து சீட்டு மலாய்க்கார அம்மாள் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை உறிஞ்சிக்கொண்டு, எனக்கும் ஒன்றை நீட்டினாள். பையில் தேநீர் குடிப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். பாதி சட்டையில் போனது.

சின்னத்தம்பி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தான் எப்படி இசைக்கு வந்தார் என்று பிறந்ததிலிருந்து ஆரம்பித்தார். முதல் கிட்டார் வாங்குவதற்குள் ஒரு மணி நேரம் ஆயிற்று. “அந்தப் பாட்டு நான் எழுதுனதுதான் சார். நானேதான் பெட்டிலயும் போட்டேன். தலைவரே எழுதுனா மத்தவனுக்குப் பொறாம வருமில்ல?” என்றார். பிறகு, புதிதாக வாங்கிய மின்சாரக் கீபோர்டில் அதே பாட்டை டிஸ்கோவாக வாசித்துக் காட்டினார். சைக்கிள் டியூப்களுக்கு நடுவே நின்று இடுப்பை ஆட்டினார்.

“அப்போது ஏன் மெதுவாக எழுதினீர்கள்?”

“தமிழன் மனசு மெதுவாத்தான் சார் அழும்” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது ஏன் டிஸ்கோ என்று கேட்டதற்கு, “இப்ப அவசரமா அழுவுறான்” என்றார். மூன்றாவது பத்திரம் போயிற்று. கேசட் அட்டையில் தன் படமும் வரவேண்டும் என்று, கூலிங் கிளாஸ் போட்ட போட்டோ ஒன்றைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

நாலாம் நாள், சித்தப்பா வேலை செய்த பழைய தோட்டத்துக்கே போனோம். கித்தா என்கிற ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதி வீடுகள் காலி. கோயில் மட்டும் புதுப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை இல்லை, ஏதோ வேண்டுதல் பூஜை. பெண்கள் கைதட்டிக்கொண்டு பாடினார்கள்.

‘தாழ்ப்பாள் போடாதே, தாயே மாரியம்மா...’

நான் கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கோயில் செயலாளர் நாராயணன் விபூதி கொடுத்தார். “இந்தப் பாட்டு ஆத்தா எங் கனவுல வந்து சொன்னது. நான் எழுதி வச்சேன். அந்தப் பசங்கதான் சாமி பேர எடுத்துட்டுக் காதல் பாட்டாக்கிட்டானுங்க.” மெட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது என்றேன். “ஆத்தாவுக்கு அமெரிக்கா தூரமா?” என்று கேட்டார். நாலாவது பத்திரத்தை எடுத்து நீட்டினேன். ‘இப்பாடலை இயற்றியவர்’ என்பதற்கு மேல் ‘அம்மனுக்காக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோயில் முத்திரையும் வைத்தார். பொங்கல் கொடுத்தார், நெய் விட்டது. கோபத்திலேயே இரண்டு தொன்னை சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் கார் கொதித்து நின்றுவிட்டது. சடக்கு என்று அங்கே சொல்லும் சாலையின் ஓரத்தில் நின்று கோவிந்தன் வாய்க்கால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். “நாலு கையெழுத்து இருக்குல்ல மச்சான், ஒண்ண எடுத்துக்கிட்டுப் போங்களேன். என்னுதே நல்லாருக்கும்” என்றார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இவற்றில் எதைக் கொண்டுபோனாலும் அந்தச் சம்பந்தி ஒரு கடிதம் போட்டால் மற்ற மூன்று பேரும் கிளம்புவார்கள், கேசட் கிடங்கில் கிடந்து மக்கும். அடுத்தவன் பாட்டைத் தன் பாட்டு என்று சொல்ல மனிதர்களுக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ என்று கத்தினேன். கோவிந்தன் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டே, “ஆமா லா” என்றார்.

ஐந்தாம் நாள் காலையிலேயே மழை. மறுநாள் எனக்கு விமானம். கோவிந்தன் லோரியில் குலை ஏற்ற முடியாது என்று படுத்திருந்தார். அஞ்சலை மட்டும் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்க, போயிருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் கடைசிப் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இல்லாத ஒருவரை உண்டாக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சண்முகம் என்று ஒருவர், எழுதினார், காலமாகிவிட்டார், காலமாவதற்கு முன் கையெழுத்துப் போட்டார். டிராயிங் மாஸ்டருக்குக் கையெழுத்து ஒரு பெரிய விஷயமா? இடது கையில் பேனாவைப் பிடித்து ‘ச’ போட்டேன்.

“என்ன பேரு போடுறீங்கண்ணே?”

அஞ்சலை நனைந்துபோய் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மழை பெய்தால் மருந்து நிற்காது, அதனால் பத்து மணிக்கே அனுப்பிவிட்டார்களாம். நான் தாளைக் கையால் மூடினேன். என் வகுப்பில் காப்பி அடிக்கிற பையன்கள் இப்படித்தான் மூடுவார்கள், உடனே பிடித்துவிடுவேன்.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்கடியிலிருந்து பழைய கைலியில் சுற்றிய ஒரு பெட்டியை இழுத்துவந்து மேசையில் வைத்தாள். இசைத்தட்டுப் பெட்டி. அதன் மேல் கிள்ளான் கடையில் நான் பார்த்த அதே தட்டு. சுவிட்சைப் போட்டாள், ஊசியை வைத்தாள்.

ஒரு ஆண் பாடினான். கனத்த குரல். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து, அழுகையை அடக்கிக்கொண்டு பாடுகிறவன் குரல். எக்காளங்கள் பின்னால் முனகின. நான் பத்து வருடமாகப் பாடும் அதே வேகம்.

“வேகத்தை மாத்தும்மா” என்றேன்.

“மாத்த முடியாது. குமிழு சிக்கிக்கிச்சு. பங்களா துரை ஊருக்குப் போறப்ப அப்பாவுக்குக் குடுத்துட்டுப் போனாரு. கெட்டுப் போனதுனாலதான் குடுத்தாரு. எங்களுக்கு அது தெரியாதுல்ல? பாட்டே இப்படித்தான்னு நெனச்சிக்கிட்டோம்.”

துரை பங்களாவில் சித்தப்பா சமையல்காரர் என்பது எனக்குத் தெரியும். இந்தப் பெட்டி வீட்டில் இருந்தது தெரியாது. நான் கேட்கவில்லை. உலகத்தில் அந்தப் பாட்டு மெதுவாக, அந்தப் பெண்ணின் குரலே ஆண் குரலாகக் கனத்து ஓடிய ஒரே வீடு அது. கோவிந்தன் பாயிலிருந்து எழுந்து வந்து கதவருகே நின்றார்.

“அத எழுதிப் போட்டது நீயா?” என்றார்.

“நாந்தான்” என்றாள். பதினான்கு வருடக் கல்யாணத்தில் அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

ஊசியைத் தூக்கிவிட்டு அவள் சொன்னாள். “எங்க பார்வதி அக்கா லோரிக்காரன் ஒருத்தன்கூடப் போயிடுச்சு. அப்பா கதவத் தாழ்ப்பா போட்டுட்டு, இனிமே அவ வந்து தட்டுனா யாரும் தொறக்கக் கூடாதுன்னாரு. வேலவிட்டு வந்தா இந்தப் பெட்டிகிட்டவே உக்காந்திருப்பாரு. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. கதவு, பூட்டாதே, அது மட்டும் புரிஞ்சிச்சு. ஒரு ஆம்பள அழுதுக்கிட்டே கதவப் பூட்டாதேங்கிறான். எங்கப்பா வாயால சொல்ல முடியாதத இவன் சொல்றானேன்னு நெனச்சேன். அதத்தான் தமிழ்ல எழுதுனேன். பதினெட்டு வயசுப் பொம்பளப் புள்ள பாட்டு எழுதுனான்னா தோட்டத்துல என்ன பேசுவாங்க? அதான் பேரு போடல.”

“காதல் பாட்டுத்தானே அது?”

“ரெண்டு சரணத்தோட நிறுத்துனா காதல் பாட்டு. மூணாவது இருந்துச்சு.”

கோவிந்தன் தரையைப் பார்த்தார். “சின்னத்தம்பிதான் வேணாம்னான். காதல் பாட்டுல அப்பன் எதுக்குன்னான்” என்றார்.

அவள் பாடவில்லை, வெறுமனே சொன்னாள்.

‘தோளில் உன்னைச் சுமந்த நாளில் பாரம் தெரியவில்லை,
தோளிறங்கிப் போன பின்னே பாரம் தாங்கவில்லை.’

நான் இரண்டாவது சரணத்தில் முன்வரிசையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. சித்தப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாது. அந்தப் பாட்டுன்னா அவருக்கு உசுரு. ஊருக்குக்கூடத் தூக்கிக்கிட்டு வந்தாருல்ல? ஆனா மூணாவத அவரு கேட்டதே இல்ல. காதல் பாட்டுன்னுதான் நெனச்சிக்கிட்டுப் போய்ச் சேர்ந்தாரு. அக்கா எங்கருக்குன்னு இன்னிக்கும் தெரியல. கடைசி வரைக்கும் கதவு தொறக்கல.” குரல் உடையவில்லை, ஆனால் கைலியை மடித்துக்கொண்டே இருந்தாள். “நீங்க கேசட் போடுங்கண்ணே. கையெழுத்துப் போடுறேன். மூணும் வரணும். கடையில, பஸ்ஸுல எங்கயாச்சும் அக்கா காதுல விழுந்தா போதும்.”

முதலாளி நாலு நிமிடத்துக்கு மேல் ஒரு பாட்டுக்கும் இடமில்லை என்று சொல்லியிருந்தார். சரி என்றேன். இதற்குச் சரி சொல்லாதவன் மனிதனே இல்லை. பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“இன்னொண்ணு இருக்கு” என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்து டேப் ரிக்கார்டரில் போட்டாள். இரைச்சல், ஆர்மோனியம், கூட்டம். அதற்கு மேல் ஒரு குரல், தெளிவாக, நெஞ்சு நிமிர்த்தி: “அடுத்து வருவது, அடியேன் நானே எழுதி, நானே மெட்டமைத்த பாடல்!” பலத்த கைதட்டல்.

என் குரல். எட்டு வருடத்துக்கு முன் ஒரு தைப்பூசக் கச்சேரி. பெருமைக்காகச் சித்தப்பாவுக்கு நானே தபாலில் அனுப்பிவைத்துவிட்டு மறந்துபோனது. அறிவிப்பாளர்கள் சொல்லிவிடுவார்கள் என்று மேலே எழுதினேன் அல்லவா? அது அவ்வளவு சரியில்லை. அறிவிப்பாளர் ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் சொல்வேன்.

“முதல் நாளே ஏம்மா சொல்லல?” என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தது கோபமாக வரவில்லை.

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்றாள். டேப்பைப் பின்னால் ஓட்டி, என் அறிவிப்பு ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தினாள். சிவப்புப் பொத்தானில் விரல் வைத்து, “இது மேலயே பேசுங்க” என்றாள்.

கோவிந்தன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடகடவென்று ஒப்பித்தேன். போட்டுக் காட்டினாள். “...எழுதியவர் அஞ்சலை” என்று முடிந்ததும், அழியாமல் மிஞ்சிய பழைய வால் வந்தது: “நானே மெட்டமைத்த பாடல்!” கோவிந்தன் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“வேகமா சொல்லிட்டீங்கண்ணே. மெதுவா” என்றாள் அஞ்சலை.

இரண்டாவது தடவை ‘பாடல்’ மட்டும் மிஞ்சியது. மூன்றாவது தடவை அவள் பெயரைச் சொல்லாமல் பாதியில் நிறுத்திவிட்டேன். நாலாவது தடவை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். “அடுத்து வருவது, என் தங்கை, வீராசாமி மகள் அஞ்சலை எழுதிய பாடல்.” அவள் போட்டுப் பார்த்தாள். பழைய குரல் துளிக்கூட இல்லை. என் பேச்சு முடிந்த இடத்திலேயே, எட்டு வருடத்துக்கு முந்தைய திருச்சிக் கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது.

அவள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அந்தக் கைதட்டலைக் கடைசிவரை கேட்டாள். பேனாவை வாங்கி, நான் போட்டிருந்த ‘ச’வை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘வீ. அஞ்சலை’ என்று எழுதினாள். பிறகு டேப்பைப் பின்னால் ஓட்டி, இன்னொரு முறை போட்டாள்.